கடலோடியின் காணிக்கை

தியானப் பகுதி: சங்கீதம் 107:23-32



கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலந்து, நம் கண்ணுக்கெட்டாத தொலைவில் கடலைச் சேருகின்றன. ஆயினும் இந்த மண் ஒருநாளும் கடலோடு உறவற்று இருந்ததில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சென்றன. ரோமானியக் காசுகள் கடல்வழியே நம் நாட்டுக்கு வந்தன. இன்று திருப்பூரின் பின்னலாடைகள் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் கப்பலேறுகின்றன. நம் சபைகளுக்குச் சுவிசேஷம் வந்ததும் கடல்வழியேதான்.

சுவிசேஷத்தைக் கொண்டுவந்த மிஷனெரிகள் சிலரின் பெயர்களை நாம் அறிவோம். கல்வெட்டுகளிலும் தெருப்பெயர்களிலும் அவர்கள் வாழ்கிறார்கள். அவர்களைக் கப்பலில் ஏற்றி, புயலிலும் அமைதியிலும் சுக்கான் பிடித்து, கரை சேர்த்த மாலுமிகளை யாரும் நினைப்பதில்லை. இந்த வாரம் அத்தகைய மாலுமி ஒருவரைத் தியானிப்போம். அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். அவர் குருவானவர் அல்லர். வேதசாஸ்திரக் கல்லூரியில் பயின்றவரும் அல்லர். அவருக்குத் தெரிந்தது ஒரே தொழில், கப்பல் ஓட்டுவது. அந்தத் தொழிலைத் தேவன் என்ன செய்தார் என்பதே நம் தியானம்.

அலைகளின் பிள்ளை

வில்சன் 1760-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை நியூகாசில் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பலின் தலைவர். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளையான வில்சன் சிறுவயதிலேயே கப்பலேறினார். வாலிபப் பருவத்தில் அமெரிக்கப் போரில் பங்கர் ஹில் சண்டையைக் கண்டார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் இந்தியாவுக்கு வந்தார். ஓரிடத்தில் தங்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த துறைமுகம், அடுத்த சரக்கு, அடுத்த ஆபத்து என்பதே அவர் வாழ்க்கை. தேவனைக் குறித்து அவருக்கு அக்கறை இருந்ததில்லை. வேதாகமத்தை அவர் நம்பவும் இல்லை.

அவர் வந்திறங்கிய காலத்தில் தமிழகம் போர்க்களமாகக் கிடந்தது. 1780-ல் மைசூரின் ஐதர் அலி பெரும்படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். கம்பெனியின் தளபதி சர் அயர் கூட் 1781-ல் பரங்கிப்பேட்டையில் வெற்றி பெற்றாலும், அவருடைய படைக்குச் சோறு கிடைப்பதே அரிதாயிற்று. சுற்றிலும் வயல்கள் எரிந்து கிடந்தன. அந்தப் படைக்குக் கடல்வழியே அரிசி கொண்டுசேர்க்கும் வேலையை வில்சன் ஏற்றார். பிரெஞ்சுக் கப்பல்களின் கண்ணில் மண்ணைத் தூவிப் பலமுறை சென்று வந்தவர், இறுதியில் அவர்களிடமே அகப்பட்டுக் கடலூரில் கைதியானார்.

கொள்ளிடத்தின் முதலைகள்

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரென் தம்மிடமிருந்த ஆங்கிலேயக் கைதிகளை 1782-ல் ஐதர் அலியிடம் ஒப்படைக்க இசைந்தார். செய்தியறிந்த வில்சன் இரவில் கடலூர் மதிலிலிருந்து குதித்துத் தப்பினார். தெற்கே தரங்கம்பாடிக்குப் போய்விட்டால் உயிர் பிழைக்கலாம். அது டேனியர்களின் ஊர், போரில் சேராதது. ஆனால் வழியில் கொள்ளிடம் குறுக்கே ஓடியது. அகன்ற ஆறு, முதலைகள் நிறைந்தது. அவர் அதில் பாய்ந்து நீந்தி மறுகரை ஏறினார். ஏறிய கரையிலேயே ஐதரின் வீரர்கள் அவரைப் பிடித்தார்கள்.

எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். ஆற்றை நீந்திக் கடந்தேன் என்றார். அவர்கள் முதலில் நம்பவில்லை. முதலைகளுக்கு அஞ்சி அவ்வூர் மக்களே இறங்காத தண்ணீர் அது. விசாரித்துப் பார்த்து, வேறு வழியில் அவர் வந்திருக்க முடியாது என்று தெரிந்தபோது, இவன் தெய்வத்தின் காவலைப் பெற்ற மனிதன் என்று வியந்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாறு தரும் இந்தக் காட்சியில் நம்மை நிறுத்துகிற ஒன்று உண்டு. அவர்மீது தேவனுடைய கரம் இருந்ததை முதலில் கண்டவர்கள், அவரை விலங்கிட வந்தவர்கள். அவரோ அதைக் காணவில்லை. யோனாவின் கப்பலிலும் அப்படித்தான் நடந்தது. தீர்க்கதரிசி அடித்தட்டில் உறங்கிக்கொண்டிருக்க, புறஜாதியாரான மாலுமிகளே முதலில் ஜெபித்தார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணமும் கோயம்புத்தூர்க் கோட்டையும்

காலில் செருப்பின்றி, விலங்குகளோடு, நூற்றுக்கணக்கான மைல் நடத்தப்பட்டு வில்சன் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். அங்கே 22 மாதங்கள் சிறையிருந்தார். கைதிகளை இருவர் இருவராகச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். காலையில் கண்விழிக்கும்போது பக்கத்தில் பிணைக்கப்பட்டவர் இறந்து கிடந்த நாட்களும் உண்டு. அந்த உடலை அவிழ்த்து எடுத்துவிட்டு, உயிருள்ள இன்னொருவரை அதே சங்கிலியில் பூட்டுவார்கள். அவரோடு இருந்த 153 பேரில் 32 பேரே உயிரோடு மிஞ்சினார்கள் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

இதை வாசிக்கும் நாம் ஒரு சாராரை மட்டும் கொடியவர் என்று எழுதிவிடக் கூடாது. கம்பெனி வணிகத்துக்காகவும் ஆட்சிக்காகவும் போரிட்டது. மைசூர் தன் நாட்டுக்காகவும் தன் எல்லையை விரிக்கவும் போரிட்டது. இருபுறத்துப் படைகளின் கால்களிலும் மிதிபட்டவை ஏழை உழவர்களின் வயல்களே. வில்சனும் குற்றமற்ற பார்வையாளர் அல்லர். அந்தப் போருக்குச் சோறு சுமந்தவர். துன்பம் அவருக்கு வந்தது, அவருடைய பகைவர்களுக்கும் வந்தது.

இந்த இடத்தில் நம்முடைய ஊர் கதைக்குள் வருகிறது. அப்போது கோயம்புத்தூரும் கொங்கு நாடும் மைசூரின் ஆட்சியில் இருந்தன. 1782 டிசம்பரில் ஐதர் மறைந்து திப்பு சுல்தான் பட்டமேறியிருந்தார். 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்டன் என்பவர் தெற்கிலிருந்து கம்பெனிப் படையோடு வந்து, முதலில் பாலக்காட்டுக் கோட்டையையும் பிறகு கோயம்புத்தூர்க் கோட்டையையும் பிடித்தார். அடுத்து கஜல்ஹட்டிக் கணவாய் ஏறி நேரே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போவதே அவர் திட்டம். இன்று சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தத் தொலைவு தெரியும்; ஏறக்குறைய 200 கிலோமீட்டர். படைகள் சில வாரங்களில் கடக்கக்கூடிய தூரம்.

ஆனால் அவர் போகவில்லை. சமாதானப் பேச்சு தொடங்கிவிட்டதால் முன்னேறக் கூடாது என்று சென்னையிலிருந்து கட்டளை வந்தது. பிடித்த இடங்கள் திரும்பக் கொடுக்கப்பட்டன. கைதிகளின் விடுதலை 1784 மார்ச் 11-ல் மங்களூரில் கையெழுத்தான உடன்படிக்கையால்தான் வந்தது. மலைக்கு இப்பக்கம் விடுதலை கோயம்புத்தூர் வரை வந்து நின்றிருந்தபோது, மலைக்கு அப்பக்கம் வில்சன் சங்கிலியில் மேலும் சில மாதங்கள் காத்திருந்தார். நம்மில் பலருக்கு இந்த அனுபவம் புதியதல்ல. வாசல்வரை வந்த உதவி திரும்பிப் போனதுண்டு. கையெழுத்தாக வேண்டிய நாளில் கைநழுவிய வேலையுண்டு. அந்த மாதங்களில் தேவன் எங்கே இருந்தார் என்று கேட்பவர்களுக்கு எளிய பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். கோயம்புத்தூரில் நின்றுபோன உதவியோடு வில்சனின் கதை நின்றுபோகவில்லை.

கரையேறியும் கரைசேராதவர்

பிழைத்து வந்தவர் மனந்திரும்பினார் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. வெளியே வந்ததும் மீண்டும் கடலுக்கே போனார். சுமாத்திராவின் பென்கூலன் துறைமுகத்தில் காய்ச்சல் பரவி உடன்வந்த ஐரோப்பிய மாலுமிகள் மடிந்தபோதும் அவர் தப்பினார். வணிகத்தில் பொருள் குவிந்தது. 35 வயதை எட்டுமுன்பே, போதும் என்னும் அளவுக்குச் சம்பாதித்து இங்கிலாந்து திரும்பி, தென்கரைக்கு அருகே ஒரு கிராமத்தில் வீடு எடுத்து அமர்ந்தார்.

தாயகம் திரும்பும் கப்பலில், வங்காளத்தில் ஊழியம் செய்த ஜான் தாமஸ் என்னும் மருத்துவரோடு அவர் விசுவாசத்தைக் குறித்து அடிக்கடி வாதிட்டாராம். வில்சனை இரட்சிப்புக்குள் நடத்துவதைவிடக் கப்பலில் வேலைசெய்யும் லஸ்கர்களை நடத்துவது எளிது என்று தாமஸ் சலித்துக்கொண்டதாக வில்சனின் வரலாறு சொல்கிறது. லஸ்கர்கள் என்போர் அக்காலக் கப்பல்களில் குறைந்த கூலிக்கு உழைத்த நம் நாட்டு மாலுமிகள். அந்தப் பேச்சில் அவர்களைத் தாழ்வாக எண்ணும் தொனி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளபடியே கடினமான இருதயம் யாருடையது என்பதை அந்த மிஷனெரி சரியாகக் கண்டுகொண்டார்.

முதலைகளும் சிறையும் கொள்ளைநோயும் செய்யாததை ஓர் அமைதியான வீடு செய்தது. அவருக்கு வீடு பார்த்துக்கொண்ட உறவினளான இளம்பெண் ஒருத்தி ஆழ்ந்த விசுவாசி. அவள் வாதாடவில்லை, வாழ்ந்து காட்டினாள். போர்ட்ஸீ என்னும் ஊரின் போதகர் ஜான் கிரிஃபின் அவருடைய கேள்விகளைக் கோபமின்றிக் கேட்டார், பொறுமையாக உரையாடினார். வில்சன் மெல்ல மெல்லத் தம் நங்கூரத்தைக் கண்டுபிடித்தார். பூமியதிர்ச்சியில் காணப்படாதவர் மெல்லிய சத்தத்தில் எலியாவைச் சந்தித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

டஃப் கப்பல்

1795-ல் இலண்டனில் ஒரு மிஷனெரி சங்கம் தொடங்கியது. பிற்காலத்தில் இலண்டன் மிஷன் என்று நம் மூதாதையர் அழைத்த சங்கம் அதுவே. கேப்டன் குக்கின் பயண நூல்கள் வழியாக இங்கிலாந்து மக்கள் அறிந்திருந்த தென்கடல் தீவுகளுக்கு முதல் குழுவை அனுப்ப அது விரும்பியது. பணம் சேர்ந்தது, போக ஆட்கள் முன்வந்தார்கள், கொண்டுபோகத் தகுந்தவர் இல்லை. இதைப் பத்திரிகையில் வாசித்தறிந்த வில்சன் தாமே முன்வந்தார். வசதியான ஓய்வை விட்டு, ஊதியம் வாங்காமல், அறியாத கடலில் கப்பல் நடத்தித் தருகிறேன் என்றார்.

சங்கம் ‘டஃப்’ என்னும் கப்பலை ஏறக்குறைய 5,000 பவுண்டுக்கு வாங்கியது. 1796 ஆகஸ்ட் 10 அன்று அது தேம்ஸ் நதியிலிருந்து புறப்பட்டது. அதில் சென்ற 30 மிஷனெரிகளில் குருப்பட்டம் பெற்றவர்கள் 4 பேர் மட்டுமே. மற்றவர்கள் தச்சர், கொத்தர், கொல்லர், நெசவாளர், தையற்காரர், செருப்புத் தைப்பவர் எனக் கைத்தொழில் அறிந்தவர்கள். பிரியமானவர்களே, தறியும் பட்டறையும் அறிந்த கொங்கு நாட்டாருக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

ரியோ டி ஜெனீரோவுக்குப் பின் தென் அமெரிக்காவின் கொம்பு முனையைச் சுற்ற முயன்றபோது எதிர்க்காற்று அவர்களைத் தள்ளியது. வில்சன் பிடிவாதம் பிடிக்கவில்லை. கப்பலைக் கிழக்கே திருப்பி, ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே பாதி உலகைச் சுற்றிப் போனார். 97 நாட்கள் நிலம் தென்படவில்லை. கடந்த தூரம் ஏறக்குறைய 14,000 மைல். 1797 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை தாகித்தித் தீவில் நங்கூரம் பாய்ச்சினார்கள். தீவினர் படகுகளில் சூழ்ந்து வந்து பார்த்துக்கொண்டிருக்க, கப்பல் தளத்திலேயே ஆராதனை நடந்தது.

மிஷனெரிகளைத் தாகித்தியிலும் தொங்காவிலும் மார்க்கேசஸ் தீவுகளிலும் இறக்கிவிட்டு, டஃப் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குப் போய்த் தேயிலை ஏற்றியது. மாலுமிகள் தூஷண வார்த்தை பேசாத அந்தக் கப்பலைப் பார்த்து, பிற கப்பல்காரர்கள் அதற்குப் ‘பத்துக் கட்டளைகள்’ என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். அவர்கள் சிரிப்பதற்காக வைத்த பெயர். இன்று அதுவே சாட்சியாக நிற்கிறது. 1798 ஜூலையில் டஃப் நலமாகத் தாயகம் திரும்பியது.

வெற்றி எங்கே?

கதையை இங்கே முடித்தால் இனிமையாக இருக்கும். உண்மை அதற்குமேலும் உண்டு. தாகித்தியில் இறங்கிய மிஷனெரிகளில் 11 பேர் ஏறக்குறைய ஓராண்டில் அஞ்சிச் சிட்னிக்குப் போய்விட்டார்கள். தொங்காவில் 1799-ல் மூண்ட உள்நாட்டுப் போரில் மூவர் கொல்லப்பட்டார்கள். வேறொரு தலைவரின் கீழ் இரண்டாம் முறை புறப்பட்ட டஃப் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு செம்மையாக நடந்த பயணம் வீணாயிற்றோ என்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

ஆனால் எல்லாரும் தாகித்தியை விட்டுப் போகவில்லை. நிலைத்து நின்ற சிலரின் உழைப்பில் காலம் கனிந்தது. 1819-ல் தாகித்தி அரசர் இரண்டாம் பொமாரே ஞானஸ்நானம் பெற்றார். வில்சன் அதைக் காணவில்லை; அவர் 1814-லேயே மரித்துவிட்டார். தம்மிடம் ஒப்படைத்தவர்களைக் கரைசேர்ப்பதே அவர் வேலை. அதை முடித்தார். விளைச்சலை அவர் கையில் யாரும் ஒப்படைக்கவில்லை. நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் விளைச்சலுக்குச் சொந்தக்காரர் அல்லர் என்று பவுல் கொரிந்து சபைக்குக் கற்பித்த பாடம் இதுவே. ஏற்றிச் செல்கிறவனுக்கும் அது பொருந்தும்.

அந்தச் சங்கம் பிறகு இந்தியாவுக்கும் ஆட்களை அனுப்பியது. அதன் ஊழியர் ரிங்கல்தௌபே 1804-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அன்று வில்சன் ஓடிச்சென்று சேர முடியாமற்போன ஊர் அதுதான்! அவர் பின்னர் தென் திருவிதாங்கூரில் மயிலாடியைத் தம் ஊழியத்தின் மையமாகக் கொண்டார். 1827-ல் சேலத்திலும், 1830-ல் கோயம்புத்தூரிலும் அச்சங்கத்தின் பணி தொடங்கியது. கோயம்புத்தூருக்கு வந்தவர் டபிள்யூ. பி. அடிஸ், ஏறத்தாழ 30 ஆண்டுகள் இங்கே உழைத்தார். நகரின் அடிஸ் வீதி அவர் பெயரைச் சுமக்கிறது. ஈரோட்டில் அதே சங்கத்தின் பிரப் ஐயரை ஒரு சாலையும் ஓர் ஆலயமும் நினைவூட்டுகின்றன. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகள் அதில் இணைந்தன. 1950-ல் கோயம்புத்தூர் திருமண்டலம் அமைந்தது. ஒருகாலத்தில் வில்சனின் விடுதலை வந்து நின்றுபோன ஊரில், அவர் தம் தொழிலைக் காணிக்கையாக்கிய சங்கம் சபையை நாட்டியது. மனிதர் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

நமக்கான வார்த்தை

ஊழியம் என்றால் வேலையை விட்டுவிட்டு வருவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சிலருக்கு அப்படியும் அழைப்பு வரும். ஆனால் தேவன் வில்சனைக் கப்பலிலிருந்து இறக்கிப் பிரசங்க பீடத்தில் ஏற்றவில்லை. கரையில் ஓய்ந்திருந்தவரை மறுபடியும் கப்பலில் ஏற்றினார். அலைந்து திரிந்த ஆண்டுகளில் அவர் கற்ற காற்றும் நீரோட்டமும், சிறையில் கற்ற பொறுமையும், எதிர்க்காற்றில் வழியை மாற்றத் தெரிந்த தெளிவும் எதுவும் வீணாகவில்லை. பவுல் உரோமாபுரிக்குப் போன கப்பலிலும் நூற்றுக்கதிபதியும் மாலுமிகளும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தே ஆக வேண்டியிருந்தது. மாலுமிகள் கப்பலை விட்டு ஓடப் பார்த்தபோது பவுல் அதை அனுமதிக்கவில்லை.

மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்களே, வார்ப்படப் பட்டறையில் நிற்கிறவர்களே, மருத்துவமனையில் இரவு விழிக்கிற செவிலியரே, லாரி ஓட்டுகிறவர்களே, உங்கள் கையிலுள்ள தொழில் ஆராதனைக்கு வெளியே நிற்கும் ஒன்றல்ல. அதைத் தேவனிடம் கொடுத்துப் பாருங்கள். மனம் ஓரிடத்தில் நிலைக்காத பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரே, அவர்களை வாதாடி வெல்ல முயல வேண்டாம். வில்சனின் வீட்டிலிருந்த அந்த இளம்பெண்ணை நினைவில் வையுங்கள்.

இன்றும் கடலில் உழைக்கிறவர்களுக்காக ஜெபிப்போம். நம் மாவட்டத்து வாலிபர்களும் மெர்ச்சன்ட் நேவியில் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா காலத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 4,00,000 மாலுமிகள், ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே தவித்தார்கள். நம் வீட்டுக்கு வந்து சேரும் பொருள்களில் பலவும் அவர்களுடைய கைகளைக் கடந்தே வருகின்றன. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றைப் பல சபைகள் கடலோடிகளின் ஞாயிறாக நினைவுகூருகின்றன. கடலில்லாத ஊரிலிருந்தும் அந்த ஜெபம் எழலாம்.

ஜெபம்: கடலையும் கரையையும் உண்டாக்கின பிதாவே, நாங்கள் அறியாத நாட்களிலும் எங்களைக் காத்த உமது கரத்துக்காக ஸ்தோத்திரம். தாமதமாகும் உதவிக்குக் காத்திருப்போரைத் தாங்கும். எங்கள் கைத்தொழிலை உமக்கென்று எடுத்துக்கொள்ளும். விளைச்சலைக் காணாவிட்டாலும் ஒப்படைத்த வேலையை உண்மையாய் முடிக்க எங்களுக்குக் கிருபை தாரும். இந்த இரவில் ஆழ்கடலில் விழித்திருக்கும் ஒவ்வொருவரையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகளையும் பாதுகாத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.